உலர்ந்த எலும்புகளும் ஆவி என்னும் சொல்லும்: எசேக்கியேல் தரிசனத்தின் தமிழ் வரலாறு

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இறைவனைக் குறிக்கும் சொற்களிலேயே கருத்தைச் செலுத்துவர். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என அச்சொல் மாறி வந்த வரலாறு பல கட்டுரைகளுக்குப் பொருளாகியுள்ளது. அதே மொழிபெயர்ப்புகளில் அதிகம் பேசப்படாமலே நிலைபெற்றுவிட்ட மற்றொரு சொல் உண்டு. அது 'ஆவி'. எபிரேயத் திருமறையில் எசேக்கியேல் ஆகமத்தின் 37ஆம் அதிகாரத்தில் வரும் உலர்ந்த எலும்புகளின் தரிசனம் முழுவதும் ஒரு சொல்லின் மேலேயே நிற்கிறது. அச்சொல்லுக்கு ஈடாகத் தமிழில் வந்தமர்ந்தது ஆவி. அது அங்கே என்ன செய்தது, பின்னர் ஏன் அங்கிருந்து ஓரளவு விலக்கப்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரிசனமும் அதன் காலமும்

எசேக்கியேல் எருசலேம் ஆலயத்துக் குருமரபைச் சேர்ந்தவர். கி.மு. 597இல் பாபிலோனிய வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, யூதாவின் அரசன் யோயாக்கீனையும் அவனுடன் குருமார், வீரர், கைவினைஞர் பலரையும் சிறைப்பிடித்துச் சென்றபோது இவரும் உடன் கொண்டுசெல்லப்பட்டார். நிப்பூர் நகருக்கு அண்மையில் ஓடிய கேபார் என்னும் கால்வாயின் கரையில், தெலாபீப் என்ற குடியிருப்பில் இவர் வாழ்ந்தார். இச்செய்திகள் திருமறையில் மட்டும் காணப்படுபவையல்ல. யோயாக்கீனுக்கும் அவன் மக்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோன் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில் பதிவாகியுள்ளது. யூதா நாட்டார் குடியேற்றப்பட்ட ஓர் ஊர் 'யூதாவின் ஊர்' என்ற பெயருடனேயே கி.மு. 572 முதலான பலகைகளில் குறிக்கப்படுகிறது. நிலக் குத்தகை, கடன், வரி என அவர்களின் அன்றாட வாழ்வு அவற்றில் தெரிகிறது. 2014இல் இவை நூலாக வெளிவந்தபின் நாடுகடத்தப்பட்டோரின் நிலை முன்னைவிடத் தெளிவாயிற்று. அவர்கள் உண்ண உணவின்றி அழிந்துகொண்டிருக்கவில்லை. உழுதனர், விற்றனர், மணம் செய்தனர். அவர்கள் இழந்தது 'நாம் ஒரு மக்கள்' என்னும் எண்ணத்தை. கி.மு. 587 அல்லது 586இல் ஆலயமும் எரிக்கப்பட்ட செய்தி வந்தபின், எலும்புகள் உலர்ந்தன, நம்பிக்கை அற்றுப்போயிற்று, அறுபட்டுப்போனோம் என்று அவர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டதாக அதிகாரம் கூறுகிறது. இப்புலம்பலே தரிசனத்தின் விதை. மக்கள் வாயில் உவமையாக வழங்கிய எலும்பு, தீர்க்கதரிசியின் கண்முன் காட்சியாக விரிந்தது.

காட்சி இது. இறைவனின் கை அவர்மேல் அமர்கிறது. எலும்புகள் நிறைந்த ஒரு சமவெளியில் அவர் நிறுத்தப்படுகிறார். அவற்றைச் சுற்றி நடக்கச் செய்யப்படுகிறார். குருமார் பிணத்தைத் தீண்டுதல் கூடாது என்பது லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின் விதி. அவ்விதிக்கு உட்பட்ட ஒருவர் எலும்புக் குவியலினூடே நடத்தப்படுவது காட்சியின் கடுமையை மிகுவிக்கிறது. உரையாசிரியர் பலர் இதை விரைந்து கடந்துவிடுகின்றனர். கடக்கத்தக்க செய்தியன்று இது. அடக்கம் செய்யப்படாமல் வெளியில் கிடக்கும் எலும்பு, உடன்படிக்கையை மீறிய மக்களுக்கு உரிய சாபமாக உபாகமத்திலும் எரேமியாவிலும் சொல்லப்படுவது. எனவே குரு நடந்த வெளி சாவின் வெளியாக இருந்ததோடு சாபத்தின் வெளியாகவும் இருந்தது.

இவ்வெலும்புகள் உயிர்பெறுமா என்ற வினா எழுகிறது. ஆம் என்றோ இல்லை என்றோ அவர் விடை கூறவில்லை. அறிபவன் நீயே என்று இறைவனிடமே வினாவைத் திருப்புகிறார். பின் எலும்புகளை நோக்கிப் பேசும்படி பணிக்கப்படுகிறார். பேசுகையில் ஓர் ஓசை. எலும்போடு எலும்பு பொருந்துகிறது. நரம்பும் தசையும் தோலும் மூடுகின்றன. ஆனால் உயிர்ப்பு இல்லை. இரண்டாம் முறை அவர் பேசவேண்டியது உடல்களிடம் அன்று, நான்கு திசையினின்றும் வரவேண்டிய அதனிடம். அது வந்தபின் அவர்கள் பெருஞ்சேனையாக எழுந்து நிற்கின்றனர். எலும்புகள் இஸ்ரவேல் குடும்பம் முழுவதும் என்ற விளக்கம் அடுத்து வருகிறது. அவ்விளக்கத்தில் வெளியில் கிடந்த எலும்புகள் கல்லறைக்குள் இருப்போராக மாறுகின்றன. கல்லறைகள் திறக்கப்படும், மக்கள் தம் நாட்டுக்குக் கொண்டுவரப்படுவர் என்பது வாக்கு.

ஆகவே முதற்பொருளில் இது ஒரு மக்கள் கூட்டத்தின் மீட்சியைக் குறித்தது. தனி மனிதர் மாண்டபின் எழுவர் என்ற கோட்பாடு எபிரேயத் திருமறையில் ஐயமின்றித் தெளிவாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற தானியேல் நூலில்தான். எனினும் தரிசனத்தை அவ்வழியில் படிக்கும் போக்கும் விரைவிலேயே தொடங்கிவிட்டது. கும்ரான் குகைச் சுவடிகளுள் ஒன்று இதனை நேர்மையாளர்க்கு உரிய கைம்மாறாகக் காண்கிறது. இல்லாத ஒன்றை உவமையாக்க இயலாது. எனவே உடல் உயிர்த்தெழுதல் உண்மை என வாதிட்டார் தெர்த்துல்லியன்.

தால்மூதில் சன்ஹெத்ரின் பகுதியில் வரும் விவாதம் இவற்றினும் சுவையானது. இது வெறும் உவமையே என்கிறார் ஒருவர். மற்றொருவர், எசேக்கியேல் எழுப்பிய அவர்கள் இஸ்ரவேல் நாட்டுக்குச் சென்று மணம்புரிந்து மக்களையும் பெற்றனர் என்கிறார். உடனே யூதா பென் பெத்தேரா என்ற ஆசிரியர் எழுந்து, அவர்களின் வழித்தோன்றல் நான், இதோ என் பாட்டனார் எனக்கு விட்டுச்சென்ற வேண்டுதல் பட்டைகள் என்று அறிவிக்கிறார். நகையாடலோ, உறுதியோ என்று எளிதில் துணிய முடியாத கூற்று. குறியீட்டின் பயன் அதன் வாரிசுகளைப் பொறுத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. 1963 முதல் 1965 வரை மசாதாக் கோட்டையில் நடந்த அகழாய்வில், தொழுகைக்கூடத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்த எசேக்கியேல் சுருளின் துண்டுகளில் இவ்வதிகாரமும் அடங்கியிருந்தது.

ரூவாஹ்

முதல் 14 வசனங்களில் 'ரூவாஹ்' என்ற எபிரேயச் சொல் 10 முறை வருகிறது. அதன் பொருள்கள் மூன்று: வீசும் காற்று, உயிரினத்தின் மூச்சு, இறைவனின் ஆவி. தீர்க்கதரிசியைச் சமவெளிக்குக் கொண்டுசென்றது ரூவாஹ். உடல்களில் இல்லாதிருந்தது ரூவாஹ். நான்கு திசைகளுக்கும் பெயர் ரூவாஹ் என்பதன் பன்மை. இறுதி வசனத்தில் உங்களுக்குள் வைப்பேன் என இறைவன் வாக்களிப்பதும் ரூவாஹ். காற்றாகத் தொடங்கி, மூச்சாகி, இறையாவியில் முடியும் ஓர் ஏறுமுகம் இங்கே அமைந்துள்ளது. எபிரேயம் அறிந்த செவிக்கு இது மூன்று பொருள்களின் வரிசையாகத் தோன்றாது; ஒரே பொருள் மூன்று முறை ஆழமாவதாகவே ஒலிக்கும். தரிசனத்தின் ஆன்மிகக் குறியீடு எலும்பில் இருப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. எலும்பு அதன் கருவி மட்டுமே. குறியீட்டின் உயிர்நிலை இச்சொல்லில் உள்ளது.

கிரேக்கத்தின் 'நியூமா', இலத்தீனின் 'ஸ்பிரித்துஸ்' ஆகிய இரண்டும் மூச்சையும் ஆவியையும் ஒருங்கே தாங்கின. 'நியூமா' காற்றையும் குறித்தது. மேலை ஐரோப்பிய மொழிகளில் இவ்வொருமை உடைந்தது. லூத்தர் தம் ஜெர்மானிய மொழிபெயர்ப்பில் மூச்சு, காற்று, ஆவி என்னும் பொருள்படும் மூன்று தனிச் சொற்களை இடத்துக்கேற்பப் பெய்தார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே செய்தது. ஓவியர்களும் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளர்களே. இன்றைய சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்னுமிடத்தில் 1932இல் கண்டறியப்பட்ட தொழுகைக்கூடத்தின் சுவரில், கி.பி. 245 அளவில் தீட்டப்பட்ட இத்தரிசனம் உள்ளது. அங்கே ரூவாஹ் வண்ணத்துப்பூச்சிச் சிறகுடைய பெண்ணுருக்களாக உடல்களை நோக்கி வருகிறது. அவை கிரேக்கரின் 'சைக்கி' வடிவங்கள். கிரேக்கத்தில் அச்சொல் ஆன்மாவையும் வண்ணத்துப்பூச்சியையும் குறிக்கும். ஓவியன் காற்றை விட்டுவிட்டு ஆன்மாவை எடுத்துக்கொண்டான்.

தமிழ்நிலத்தில் நான்கு சொற்கள்

ரூவாஹ் என்ற சொல்லின் உறவுச் சொற்கள் தமிழர்க்கும் அண்டை நாட்டார்க்கும் புதியனவல்ல. அரபு வழியாக வந்த 'ரூஹு' தமிழ் முசுலிம்களின் வழக்கில் உயிரைக் குறிக்கிறது. கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர் வழிபாட்டில் 'ரூஹாத் குத்ஷா' தூய ஆவியைக் குறிக்கிறது. இவ்விரண்டும் எபிரேயச் சொல்லுக்கு உடன்பிறப்புகள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கரிடையே வேரூன்றிய 'இஸ்பிரீத்து சாந்து' இலத்தீனின் வழிவந்தது. நெடுங்காலம் செபங்களில் நின்று நிலவியது. ஒரே கடற்கரையில் அரபு, சுரியானி, போர்ச்சுக்கீசியம் ஆகிய மூன்றும் மூச்சைப் பற்றிய தத்தம் சொல்லைக் கொண்டுவந்து இறக்கியிருக்க, நான்காவதாகத் தமிழ் தன் சொந்தச் சொல்லையே எடுத்துக் கொடுத்தது. அதுவே ஆவி.

இத்தேர்வின் தனித்தன்மை அண்டை மொழிகளோடு ஒப்பிடும்போது விளங்கும். தூய ஆவியைக் கன்னடம் 'பவித்ராத்ம' என்றும், தெலுங்கு 'பரிசுத்தாத்ம' என்றும், மலையாளம் 'பரிசுத்தாத்மாவு' என்றும் கூறும். மூன்றும் ஆத்மாவை நாடின. தமிழ் மட்டுமே 'பரிசுத்த ஆவி' என்றது. ஆவி என்னும் சொல் அம்மொழிகளில் இல்லாமலில்லை. இவ்விதழ் வெளிவரும் மைசூரில் அடுப்பிலிருந்து எழும் நீராவியைக் கன்னடர் 'ஆவி' என்றே வழங்குவர். தெலுங்கர் 'ஆவிரி' என்பர். அவ்விரு மொழிகளில் சமையலறையில் நின்றுவிட்ட சொல் தமிழில் உயிர் வரை ஏறியது. கொட்டாவியில் அது மூச்சு. நீராவியில் அது புகைபோல் எழுவது. ஆவி பிரிந்தது என்னுமிடத்தில் உயிர். ஆழ்வார் பாடல்களில் இறைவனுக்காக உருகும் உள்ளுயிர். ஆத்துமா என்ற வடசொல்லும் தமிழில் இருந்தமையால், மொழிபெயர்ப்பாளர் அதனை எபிரேயத்தின் 'நெபேஷ்' என்பதற்கு ஒதுக்கிவிட்டு, ரூவாஹ்வுக்கு ஆவியை விடுவித்துக்கொள்ள முடிந்தது. ஆவி, ஆத்துமா, சரீரம் என்ற மூன்றன் பகுப்பு தமிழ்க் கிறித்தவ உரைகளில் பழகிப்போனதற்கு இதுவே காரணம்.

இலக்கணிகளும் இச்சொல்லைக் கையாண்டனர். கங்கர் குலத்தவனாகிய சீயகங்கனின் வேண்டுகோளால் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தியார், உயிரெழுத்தை ஆவி என்ற பெயராலும் குறிக்கிறார். மெய் தானே இயங்காது, உயிர் வந்து கூடியே இயங்கும் என்பது தொல்காப்பியம் முதலாகத் தமிழ் மாணவர் அறிந்த பாடம். தரிசனத்தின் நடுவே எலும்பும் தசையும் தோலும் கூடியும் இயங்காமல் கிடக்கும் உடல்களைப் படிக்கும் தமிழர்க்கு, ஆவி என்ற சொல் இவ்விலக்கண நினைவையும் எழுப்பக்கூடும். எபிரேயத்திலும் இதற்கு ஒப்பான கருத்து உண்டு. அதன் பழைய எழுத்து பெரும்பாலும் மெய்களால் ஆனது, உயிர்க்குறிகள் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் மசோரெத்து அறிஞர்களால் சேர்க்கப்பட்டன. உயிர்க்குறி எழுத்தின் ஆன்மா, அஃதற்ற எழுத்து ஆன்மாவற்ற உடல் என எபிரேயர் கூறுவதாக ஸ்பினோசா தம் எபிரேய இலக்கணத்தில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்த 1677இல் வெளிவந்தது. இருவேறு மொழிக் குடும்பங்களின் இலக்கணிகள் ஒரே உருவகத்தை அடைந்ததற்குக் கொடுக்கல் வாங்கலைத் தேட வேண்டியதில்லை. வாய்திறந்து ஒலிக்கும் எவரும் அதனை உணரலாம்.

1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த விவிலியமே இன்றளவும் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளில் மிகுதியாகப் படிக்கப்படுவது. பவர் தமிழ் இலக்கியப் பயிற்சி மிக்கவர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உ.வே. சாமிநாதையரின் முழுப்பதிப்பிற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்னரே, 1868இல், அச்சிற் கொண்டுவந்தவர். குழுவினரின் கைக்கருகே ஆங்கில மொழிபெயர்ப்பின் மூன்று சொற்கள் இருந்தன. எனினும் எசேக்கியேல் 37இல் அவர்கள் அவ்வழியிற் செல்லவில்லை. பத்து இடங்களுள் ஒன்பதில் ஆவி என்றே அமைத்தனர். பத்தாவதாகிய நான்கு திசை என்னும் இடத்தில் மட்டும் 'காற்றுத்திசை' என்ற தொடரை இட்டனர்.

இத்தொடர் ஊன்றி நோக்கத்தக்கது. தமிழ் ஆவிக்கு மூச்சும் உயிரும் தெய்வத்தன்மையும் உண்டு; வெளியில் வீசும் காற்று என்ற பொருள் இல்லை. எனவே ரூவாஹ்வின் முதற்படியை அது எட்டாது. திசை என்று மட்டும் சொல்லியிருந்தால் பொருள் குறைவின்றி முடிந்திருக்கும். காற்று என்ற சொல்லையும் அதனோடு பிணைத்ததன் வாயிலாக, ஆவிக்கு இல்லாத அப்படியை அதே வசனத்தில் வேறு வழியால் மீட்டனர். காற்றின் திசைகளிலிருந்து ஆவி வருகிறது. இதைவிட எபிரேயத்தை நெருங்கிவரத் தமிழில் அன்று வழியிருந்ததாகத் தோன்றவில்லை. பழைய மொழிபெயர்ப்பின் நடையைக் குறைகூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாக்கிய அமைப்பில் அக்குறை உண்மையே. சொல்லின் ஒருமையைக் காத்த வகையில் அதற்கு நிகராகப் பின்வந்தவை இல்லை.

எலும்பைப் பெண்ணாக்கிய பதிகம்

தமிழ் வாசகர் இத்தரிசனத்தைப் படிக்கும்போது பூம்பாவையை நினையாதிருத்தல் அரிது. அரவு தீண்டி இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார் மயிலாப்பூர்ச் சிவநேசர். 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் கபாலீச்சரத்தில் பதிகம் பாட, குடம் உடைந்து அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக வெளிப்பட்டதாகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் எனத் திருவிழாக்களைச் சொல்லி, இவற்றைக் காணாமலே போவாயோ என்று அவளை விளித்துக் கேட்பது பதிகத்தின் அமைப்பு.

இரண்டிலும் பேச இயலாத எலும்பு கேட்பதுபோல் விளிக்கப்படுகிறது. கேளாதவற்றைக் கேட்பனபோல் வைத்துப் பேசும் மரபை நன்னூல் ஒரு நூற்பாவாகவே வகுத்துள்ளது. வேறுபாடுகளோ மிக ஆழமானவை. மயிலையில் எழுவது பெயருடைய ஒருத்தி. பாபிலோனில் எழுவது பெயரற்ற கூட்டம். அவளை அழைப்பது ஊரின் விழாக்கள், அதாவது அவள் விட்டுச்சென்ற உலகின் இனிமை. நாடுகடத்தப்பட்டோர்க்கு ஊரும் இல்லை, விழா நடத்தக் கோயிலும் இல்லை. ஆகவே அவர்களை அழைக்க எத்திசைக்கும் பொதுவான காற்றே எஞ்சியிருந்தது. நான்கு திசையினின்றும் ரூவாஹ் வரவேண்டியதன் காரணம் இதுவாகலாம். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது எனக் கூறும் முயற்சிகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

பிரிக்கப்பட்ட சொல்

1995இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த திருவிவிலியம், கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு. தெளிந்த தமிழ் அதன் நோக்கம். அந்நோக்கம் பெரும்பகுதி நிறைவேறியுள்ளது. இத்தரிசனத்தில் அது எலும்புகளுக்குள் புகுவதை 'உயிர்மூச்சு' என்கிறது; இறுதியில் இறைவன் தருவதை 'ஆவி' என்கிறது.

இம்மாற்றத்துக்குத் தக்க காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் ஆவி என்ற சொல்லின் நிலை மாறியது. இதழ்களிலும் திரைப்படங்களிலும் ஆவி என்றால் இறந்தோரின் பேயுரு. ஆவிகளோடு பேசுதல் ஒரு பொழுதுபோக்கு. மருத்துவத்தில் அது பிடிக்கப்படும் வெந்நீராவி. மூச்சு என்ற நடுப்பொருள் கொட்டாவி போன்ற கூட்டுச்சொல்லில் ஒடுங்கிவிட்டது. உலர்ந்த எலும்புகளுக்குள் ஆவி புகுந்தது என்று இன்றைய இளைஞர் படித்தால் பேய் புகுந்ததாகவே கொள்ளக்கூடும். தரிசனத்தின் பொருள் தலைகீழாகிவிடும். அவ்வச்சத்துக்கு உயிர்மூச்சு தக்க மருந்து. நடுவசனங்கள் முன்னிலும் தெளிவாயின என்பதில் ஐயமில்லை.

இழப்பு இறுதி வசனத்தில் நேர்கிறது. எட்டு இடங்களில் ஆவியையே கேட்டுவந்த வாசகர், என் ஆவி என்னும் வாக்கை எட்டும்போது, எலும்புகளுக்குள் முன்பே புகுந்தது இறைவனுடையது என்று அறிந்து திடுக்கிடுவார். மக்களை எழுப்பிய மூச்சு யாருடைய மூச்சு என்னும் இவ்வறிதலே தரிசனத்தின் முடிவு. உயிர்மூச்சைக் கேட்டுவந்தவர்க்கு அங்கே வருவது மற்றொரு புதிய கொடை. முன்னதன் பெயரை அது ஒலிப்பதில்லை. இரு வசனங்களையும் இணைக்கும் ஓர் அடிக்குறிப்பு இக்குறையைப் பெரிதும் போக்கும். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல் என்று மட்டும் சொன்னால் போதும்.

மூன்றாவது வழியொன்றும் தமிழில் இருந்தது. உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சுவிடுதல். உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் உள்ளது. மூச்சும் உயிர்பெறுதலும் ஒரே வேரினின்று கிளைத்த இச்சொல், உலர்ந்த எலும்புகளின் காட்சிக்கென்றே செய்யப்பட்டது போன்றது. ஆனால் கத்தோலிக்க வழக்கில் அது கிறித்து எழுந்த நாளுக்குப் பெயராகி, உயிர்ப்பு ஞாயிறு என வழிபாட்டு நாட்காட்டியில் இடம்பெற்றுவிட்டது. இன்றைய தமிழ்க் கிறித்தவர் செவியில் உயிர்ப்பு என்றால் கல்லறையினின்று எழுதல். மூச்சு என்ற பொருள் அதில் கேட்பதில்லை.